அனல்மின் நிலையத்துக்குக் கடன் கொடுத்த வங்கியில் என் பணம் பத்திரமா?

கேள்வி: ஓய்வுபெற்றபோது வந்த 12 லட்சம் ரூபாயை ஒரே வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டாகப் போட்டிருக்கிறேன். அதே வங்கியின் பங்குகளும் கொஞ்சம் உண்டு. அந்த வங்கி அனல்மின் நிலையங்களுக்கு நிறையக் கடன் கொடுத்திருக்கிறதாம். எல்லாரும் சூரிய மின்சாரத்துக்கு மாறினால் என் பணம் என்னாகும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஈரோடு

பதில்: டெபாசிட்டையும் பங்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நிலக்கரிக் கடனால் ஒரு பெரிய வங்கி நாளைக்கே முடங்கிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் வங்கி முடங்கினால் டெபாசிட் காப்பீட்டில் ஒருவருக்குக் கிடைப்பது, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரைதான். அதே வங்கியின் வேறு கிளையில் போட்டாலும் இதே வரம்புதான். ஆகவே டெபாசிட் முதிரும்போது மூன்று வங்கிகளில் 4 லட்சமாகப் பிரித்துப் போடுங்கள். இப்போதே உடைத்து வட்டியை இழக்க வேண்டாம்.

பங்கு விஷயம் வேறு. வங்கி கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் முதல் அடி பங்குதாரருக்குத்தான். 2018இல் நாடாளுமன்ற எரிசக்தி நிலைக்குழு, நெருக்கடியில் இருந்த 34 அனல்மின் திட்டங்களைப் பட்டியலிட்டது. சுமார் 40,000 மெகாவாட், கடன் பாக்கி சுமார் 1.74 லட்சம் கோடி ரூபாய். நிலக்கரி கிடைக்கவில்லை, மின்சாரத்தை வாங்க ஒப்பந்தம் இல்லை, வாங்கியவர்களும் பணத்தை இழுத்தடித்தார்கள். இத்தனைக்கும் நடுவே, 2017இல் ராஜஸ்தானின் பட்லா சூரிய மின் பூங்கா ஏலத்தில் யூனிட் விலை 2.44 ரூபாய்க்கு இறங்கியது. வாங்க ஆளில்லாமல் நிற்கும் அனல்மின் நிலையம் இந்த விலையோடு எப்படிப் போட்டி போடும்?

அனல்மின் நிலையத்தோடு இது முடிவதில்லை. மின்சார ஸ்கூட்டரில் பிஸ்டன் கிடையாது, சைலன்சரும் கிடையாது. பிஸ்டன் மட்டுமே செய்யும் ஒரு பட்டறை கடன் வாங்கியிருக்கிறது என்று வையுங்கள். ஆர்டர் நின்றுபோனால், அடமானத்தில் இருக்கும் அந்த மெஷினை யார் வாங்குவார்கள்? இந்த மாதிரிச் சின்னக் கடன்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. யாரும் இவற்றைப் பட்டியல் போடுவதில்லை.

சரி, எங்கே பார்ப்பது? வங்கியின் இணையதளத்தில், வங்கிகளுக்கான சர்வதேச விதிகளின்படி வெளியிடும் ‘பாசல் 3’ அறிக்கை இருக்கும். எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கடன் என்று அதில் அட்டவணை உண்டு. மின்சாரம், இரும்பு, சிமெண்ட், வாகனம் ஆகிய வரிகளைப் பாருங்கள். பெரும்பாலும் ‘மின்சாரம்’ என்ற ஒரே வரியில் நிலக்கரியும் சூரியசக்தியும் கலந்தே கிடக்கும். பங்குதாரர் என்ற முறையில் வங்கிக்கு எழுதிக் கேளுங்கள்: இதில் நிலக்கரிக்குப் போனது எவ்வளவு, அது எந்த ஆண்டுக்குள் திரும்பி வர வேண்டும்? எண்ணோடு பதில் வராவிட்டால், நானாக இருந்தால் அந்தப் பங்கில் பாதியை விற்றுவிடுவேன்.