நெரிசலில் மட்டும் மீண்டும் திறக்கும் மெட்ரோ கதவு

டிப்போவில் சோதித்தால் பழுது இல்லை, கூட்டம் ஏறினால் மட்டும் ஒரு கதவு மூடும்போதே திரும்பத் திறக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டாரை அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

பயணிகள் எடையில் பெட்டியின் தரைச்சட்டம் லேசாக வளையும். கதவின் அடியில் நீட்டி நிற்கும் கால், அது ஓடும் பள்ளமான கீழ் வழிகாட்டியில் உரச அந்த வளைவே போதும். சாய்ந்து நிற்பவர்களின் அழுத்தமும் சேரும். கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தெரிவது மோட்டார் மின்னோட்டம் ஏறுவதும் கதவு தாமதிப்பதும்தான். உரசலா, யாருடைய பையா என்று பிரித்தறியாது; எதுவானாலும் தடை என்றே எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிடும்.

முதலில் அந்தக் கருவி சேமித்த கதவுப் பதிவைக் கணினியில் இறக்கி, கதவு நகர்ந்த தூரத்தில் தடை எத்தனையாவது மில்லிமீட்டரில் வந்தது என்று பாருங்கள். எப்போதும் ஒரே இடமா? அங்கே வழிகாட்டிப் பள்ளத்தைச் சுரண்டுங்கள்: எண்ணெயோடு கெட்டித்த கருந்தூசியும், கதவுக்காலில் பளபளக்கும் தேய்மானக் கோடும் இருக்கலாம். மூடி முடியும் கடைசிச் சில மில்லிமீட்டரில் என்றால் ரப்பர் விளிம்பையும், கதவு பூட்டிவிட்டதைக் கருவிக்குச் சொல்லும் பூட்டுச் சுவிட்சையும் பாருங்கள். இடம் மாறிக்கொண்டே இருந்தால் தடை பெரும்பாலும் பயணிகள்தான்.

கூட்டத்தின் எடைக்குப் பதிலாக வாசலருகே மணல் மூட்டை அடுக்கி டிப்போவில் மறுபடி சோதியுங்கள். மூடும் விசையின் வரம்பை மட்டும் மென்பொருளில் கூட்டிவிடாதீர்கள், சிக்கும் விரலைக் காப்பது அந்த வரம்பு. கதவின் உயரத்தைத் திருத்தினால் பூட்டுச் சுவிட்சையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும்.