மலைநாட்டு ஏற்றங்களுக்குக் குழுவாக சைக்கிளில்: கேள்வி பதில்

கம்பளை–நுவரெலியா, வெல்லவாய–எல்ல, மகியங்கனைப் பக்கத்துப் பதினெட்டு வளைவு, லிப்டன் ஆசனம். இந்த ஏற்றங்களைக் குழுவாக ஏறத் திட்டம் போடுகிறவர்கள் கேட்கலாம். கியர், பிரேக், பாதை, நேரம் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். தங்குமிட வாடகையும் சைக்கிள் விலையும் என்னிடம் வேண்டாம்.

யாழ்ப்பாணம்: அண்ணை, நாங்கள் எட்டுப் பேர். தட்டை றோட்டில ஒரு நாளைக்கு 100 கிலோமீற்றர் லேசா ஓடுவம். கண்டியில தொடங்கி நாலு நாளில எல்லவுக்குப் போய்ச் சேர எப்பிடிப் பிரிக்கிறது?

தம்பி, அந்த 100ஐ இங்கே கொண்டுவராதீர்கள். மலையில் எத்தனை மீற்றர் உயரம் ஏறுகிறோம் என்பதுதான் கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். விடாமல் 100 வாற்று மிதிசக்தி கொடுப்பவர் மணிக்கு 350 மீற்றர் அளவில் ஏறுவார். 150 வாற்று கொடுப்பவர் 550 மீற்றர். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 1400 மீற்றர். முதல் ஆள் இரண்டரை மணித்தியாலத்தில் போய்விடுவார், கடைசி ஆளுக்கு நாலு மணித்தியாலம். ஓய்வும் பஞ்சரும் சேர்த்தால் இடைவெளி இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டும். குழுக்களில் சண்டை வருவது இந்த இடைவெளியில்தான். அதனால் வேகமாக ஏறுகிறவரை வைத்துத் திட்டம் போடாதீர்கள், கடைசி ஆளின் நேரத்தை வைத்துப் போடுங்கள்.

முதல் நாள் கண்டி–நுவரெலியா, 77 கிலோமீற்றர். பேராதனை, கம்பளை நெரிசல் தொடங்குமுன் தாண்ட வேண்டும், ஆகவே விடியும்போதே புறப்படுங்கள். புசல்லாவை வரை ஒரே சீரான ஏற்றம். அங்கிருந்து றம்பொடை வரை பெரிதாக உயரம் கூடாது. சாப்பிடவும் தண்ணீர் நிரப்பவும் இதுதான் இடம். றம்பொடைச் சுரங்கம் 225 மீற்றர், உள்ளே போகுமுன் முன்விளக்கும் பின்விளக்கும் எரிய வேண்டும். அதற்கப்புறம் லபுக்கலை, டொப்பாஸ் வரைதான் உண்மையான மலை. எல்லோரும் ஒன்றுகூடுமிடங்களை முதலே முடிவு செய்யுங்கள்: புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை. "மேலே சந்திப்போம்" என்று மட்டும் பிரிந்தால், கடைசி ஆள் மூடுபனிக்குள் தனியே இருப்பார்.

இரண்டாம் நாள் சீதாஎலிய, ஹக்கல, வெலிமடை வழியாகப் பண்டாரவளை. தூரம் 50 கிலோமீற்றர் அளவில்தான், ஆனால் ஹக்கலையிலிருந்து வெலிமடை வரை இறக்கம். அன்று வேலை காலுக்கு இல்லை, பிரேக்குக்கு. மூன்றாம் நாள் ஹப்புத்தளைக்கு ஏறி, சாமான்களை அங்கே இறக்கிவிட்டு தம்பேதன்னை. ஹப்புத்தளையிலிருந்து ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வரை 10 கிலோமீற்றர், ஸ்டோரிலிருந்து லிப்டன் ஆசனம் இன்னும் 7. உச்சி 1970 மீற்றர். அந்த 7ம் ஒடுங்கிய தோட்ட ரோடு. கொழுந்து ஏற்றும் லொறி வந்தால் நீங்கள்தான் இறங்கி ஒதுங்க வேண்டும். ஒன்பது மணிக்குப் பிறகு மேலே போய்ப் பார்க்க மூடுபனிதான் இருக்கும், ஆகையால் இருட்டோடு கிளம்புங்கள்.

நாலாம் நாள் பெரகலை, கொஸ்லந்தை, தியலும வழியாக வெல்லவாய வரை இறங்கி, அங்கிருந்து எல்லவுக்கு ஏறுங்கள், ஏறத்தாழ 27 கிலோமீற்றர். தொடக்கம் ஏமாற்றும். இராவணன் அருவியிலிருந்து கடைசி 6 கிலோமீற்றர்தான் கடிக்கும். அருவியடியில் வாகனங்கள் இரண்டு பக்கமும் நிற்கும், குரங்குகள் பையைத் திறந்து பார்க்கும். காலைத் தரையில் வைக்காமல் தாண்டுங்கள்.

மட்டக்களப்பு: எந்த மாதம் நல்லது?

கண்டி, ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்துக்கு மழை வடகீழ்ப் பருவத்தில், நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. இரண்டு பக்கத்தையும் ஒரே பயணத்தில் தொட வேண்டுமென்றால் பெப்ரவரி, மார்ச். ஊவாவை மட்டும் சுற்றுவதென்றால் ஜூலை, ஓகஸ்டும் சரி. ஆனால் அப்போது ஹப்புத்தளை விளிம்பில் கச்சான் காற்று சைக்கிளோடு ஆளைத் தள்ளும். ஏப்ரலில் நுவரெலியா சீசன். ரோடு முழுக்க வாகனம், பின்னேரம் இடிமழை. நல்லதண்ணிப் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம். மஸ்கெலியா ரோட்டில் இரவு முழுக்க பஸ் ஓடும்.

டிக்கோயா: அண்ணே, எங்க சைக்கிள்ல முன்னுக்கு 50/34, பின்னுக்கு 11–28. போதுமா?

மெலிந்த, பழகிய ஆளுக்குப் போதும். குழுவில் எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள். 8 சதவீதச் சாய்வில், 85 கிலோவுக்கு 150 வாற்று கொடுத்தால் மணிக்கு 7 கிலோமீற்றர் சொச்சம்தான் வரும். அந்த வேகத்தில் முன் 34 பல்லுக்குப் பின் 28 பல் போட்டால் நிமிடத்துக்கு 48 சுற்றுத்தான் மிதிப்பீர்கள். 34க்கு 34 என்றால் 58. முன்னுக்கு 30 பல் இருந்தால் 66. ஐம்பதுக்குக் கீழே மணிக்கணக்கில் மிதித்தால் முழங்கால் பேசத் தொடங்கும், பிறகு மூன்றாம் நாள் வேனில்தான்.

பின்னுக்கு 34 போட நினைத்தால் பின் கியர் மாற்றியின் கூண்டை, செயினை இழுத்துப் பிடிக்கும் அந்தக் கையைப் பாருங்கள். ஷிமானோ 105 ஆர்7000இல் குட்டைக் கூண்டு 30 பல் வரைதான், நீளக் கூண்டு 34 வரை. பற்சில்லை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய செயினையே விடுவது வழக்கமான தவறு. பெரியதுக்குப் பெரியது போடும்போது செயின் எட்டாது. ஏற்றத்தில் பதற்றத்தில் அதைத்தான் போடுவீர்கள். கியர் மாற்றி பின்னோக்கி இழுபட்டு, அது தொங்கும் துண்டு முறியும். செயினைக் கியர் மாற்றிக்குள் விடாமல், முன் பெரியதையும் பின் பெரியதையும் நேரே சுற்றி அளந்து, இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள். அந்தத் தொங்கு துண்டு சைக்கிளுக்குச் சைக்கிள் வேறு. ஆளுக்கொன்று கையில் இருக்க வேண்டும், மலையில் எந்தக் கடையிலும் உங்களுடையது கிடைக்காது.

பண்டாரவளை, ஓய்வுபெற்றவர்: தம்பி, இந்தக் கியர் கணக்கெல்லாம் எதுக்கு? லுமாலா சைக்கிள்ல மரக்கறி மூட்டையோட ஏறுன மண் இது.

ஐயா, ஏறினார்கள், மறுக்கவில்லை. எப்படி ஏறினார்கள் என்று பாருங்கள். அந்தப் பழைய லுமாலாவுக்கு ஒரே கியர்: முன்னுக்கு 44, பின்னுக்கு 18 பல், 28 அங்குலச் சில்லு. ஒரு மிதிக்கு 5.4 மீற்றர். 8 சதவீதத்தில் நிமிடத்துக்கு 35 சுற்று மிதித்தாலே 250 வாற்றுக்கு மேல் வேண்டும். மூட்டைக்கு இன்னும் கூட. பாரத்தோடு போனவர்கள் செங்குத்தில் இறங்கித் தள்ளினார்கள், அது புத்திசாலித்தனம். 10 சதவீதத்தில் மிதிப்பவரின் வேகம் மணிக்கு 5 கிலோமீற்றர், தள்ளுபவருடையது 4.

யாழ்ப்பாணம்: அண்ணை, எங்கட குழுவிலயும் ஒருத்தன் லுமாலாவோடதான் வாறான். சொன்னாக் கேக்கிறான் இல்லை.

பண்டாரவளை: வரட்டும்! வந்து காட்டட்டும்.

ஏறிக் காட்டுவார். என் கவலை ஹக்கல இறக்கம். கம்பி பிரேக் இரும்பு ரிம்மின் உட்புறத்தைத்தான் பிடிக்கும். ரிம் நனைந்தால் பிடி பெரும்பாலும் போய்விடும்.

பண்டாரவளை: காலால நிப்பாட்டுவோம்.

ஐயா, மன்னிக்கவும், இதில் விட்டுக்கொடுக்க முடியாது. 90 கிலோ 1000 மீற்றர் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி 880 கிலோஜூலுக்கு மேல். இரண்டரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு. செருப்புக் கால் அதைத் தாங்காது. 2025 மே மாதம் றம்பொடை கெரண்டி எல்லவிலும், செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய ரோட்டிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்ததை எல்லோரும் அறிவோம். அப்படிப்பட்ட மலை ரோட்டில்தான் இவர் இறங்கப் போகிறார்.

யாழ்ப்பாணத் தம்பிக்கு: நண்பர் பிடிவாதமாக இருந்தால் மூன்று வேலை செய்யுங்கள். பின் பிரீவீலை 22 பல்லுக்கு மாற்றுங்கள், அதே 35 சுற்றுக்கு 210 வாற்றளவில் போதும். பழைய பிரீவீல் மிதித்து மிதித்து இறுகியிருக்கும். அதன் வெட்டுக்குச் சரியான சாவியை வைஸில் பூட்டி, சில்லைத் திருப்பிக் கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் பல்தான் போகும். செயினுக்கு இரண்டு கண்ணி கூட வேண்டும், அல்லது பின் சில்லை முன்னே நகர்த்தினால் போதும். பிரேக் கட்டைகள் நாலும் புதிதாக இருக்கட்டும். மழை தொடங்கினால் அவர் இறங்கித் தள்ளட்டும், அல்லது வேனில் ஏறட்டும். இதில் பேரம் இல்லை.

பண்டாரவளை: 22 பல் போட்டா சமத்தரையில குரங்காட்டம் மிதிக்கணுமே தம்பி.

ஆமாம் ஐயா. ஹக்கலையில் சமத்தரை இல்லையே.

கொழும்பு: பிடுருதலாகலை உச்சிக்கு சைக்கிளில் போகலாமா? 2524 மீற்றர், பெருமையாக இருக்குமே.

இராணுவப் பாதுகாப்பு வலயம். திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

வத்தளை: டிசம்பர்ல வரலாமா?

மட்டக்களப்புக்குச் சொன்ன பதில்.

மாத்தளை: பின்னால் வேன் வந்தால் பாதுகாப்புத்தானே?

குழுவின் முதுகில் ஒட்டிக்கொண்டு மணிக்கு 7 கிலோமீற்றரில் வரும் வேன் பாதுகாப்பு இல்லை, ஆபத்து. பின்னால் வரும் பஸ் வேனையும் உங்களையும் ஒரே மூச்சில் முந்தப் பார்க்கும். வளைவில் எதிரே லொறி வந்தால் இடது பக்கம் ஒடிப்பான், அங்கே நீங்கள் இருப்பீர்கள். வேன் 5 கிலோமீற்றர் முன்னே போய், அகலமான இடத்தில் ஒதுங்கி நிற்கட்டும். கடைசி ஆள் கடந்தபின் அடுத்த இடத்துக்குப் போகட்டும். வேனில் பம்ப், டியூப், உடுப்பு, தண்ணீர். ஆனால் ஆளுக்கொரு டியூபும் டயர் நெம்புகோலும் சைக்கிளிலேயே இருக்க வேண்டும், லபுக்கலை வளைவுகளில் கைபேசி எப்போதும் எடுபடாது.

பஸ்ஸைப் பற்றி இன்னொன்று. இடதுபக்க வளைவில் பஸ்ஸின் பின்சில்லு உட்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். வளைவில் பஸ்ஸின் இடப்பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். நானுஓயா–தலவாக்கலைக்கு இடையே ரதல்ல குறுக்கு வீதியைத் திட்டத்தில் போட்டிருப்பவர்கள் அடித்துவிடுங்கள். செங்குத்தான ரோடு, 2023 ஜனவரியில் அங்கே நடந்த ஒரே விபத்தில் 7 பேர் இறந்தார்கள். பிரதான வீதி நீளம், பரவாயில்லை.

கம்பஹா: எனக்கு டிஸ்க் பிரேக். நான் கவலைப்படத் தேவையில்லைதானே?

எல்லோரும் இதைத்தான் கேட்கிறீர்கள். தேவைதான். பேட்டின் உராயும் பகுதி 0.5 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்ற வேண்டும். மணலும் மழையும் சேர்ந்தால் ஒரே நாளில் பாதி போகும், ஒரு சோடி கூட எடுங்கள். ரெசின் பேட் சத்தமில்லாதது, சூட்டிலும் ஈரத்திலும் சீக்கிரம் தேயும். உலோகப் பேட் கீச்சிடும், நீடிக்கும். ஆனால் டிஸ்க்கில் 'ரெசின் மட்டும்' என்று பொறித்திருந்தால் உலோகப் பேட் போடக்கூடாது. ரிம் பிரேக்காரர்கள் ரிம்மில் உள்ள தேய்மானக் கோட்டைத் தடவிப் பாருங்கள், கோடு மறைந்திருந்தால் அந்தச் சில்லோடு வராதீர்கள். கார்பன் ரிம்மில் ரிம் பிரேக்கோடு நீண்ட இறக்கம் வேண்டவே வேண்டாம், சூட்டில் ரிம் இளகி டயர் கழன்றுவிடும்.

எந்தப் பிரேக்கானாலும் இரண்டையும் மெதுவாகப் பிடித்தபடியே இறங்காதீர்கள். வளைவுக்கு முன் நேராக இருக்கும்போது மூன்று நாலு செக்கன் நன்றாகப் பிடித்து, விட்டு, ஆறவிட்டு, மறுபடி பிடியுங்கள். வளைவுக்குள் பிடிக்காதீர்கள். நேர் ரோட்டில் நெஞ்சை நிமிர்த்தி இருங்கள், காற்றே பாதி வேலையைச் செய்யும். இறங்குமுன் காற்றுத் தடுப்புச் சட்டை போடுங்கள். இல்லாவிட்டால் நெஞ்சுக்குள் ஒரு பழைய பத்திரிகை. விரல் விறைத்தால் பிரேக்கை அழுத்த முடியாது.

நாவலப்பிட்டி, தங்கச்சி ஒருத்தி: சாப்பாடு? ஜெல் பாக்கெட்தான் வேணுமா?

வேண்டாம் தங்கச்சி. தேங்காய் ரொட்டி, வாழைப்பழம், கித்துள் கருப்பட்டி. பசிக்குமுன், முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு ஜீவனி (உப்புச் சர்க்கரைக் கரைசல் தூள்) பாக்கெட். பாதியை அரை லீற்றரில் கணக்கில்லாமல் கொட்டாதீர்கள். குளிராக இருப்பதால் வியர்ப்பது தெரியாது, குடிக்காமல் விடுவார்கள். கொத்து ரொட்டியை மேலே போய்ச் சேர்ந்த பிறகு பார்க்கலாம்.

நீர்கொழும்பு: உயரத்தில் மூச்சு முட்டுமா?

இந்த உயரத்துக்கு மலை நோய் வராது. முட்டினால் கியரைக் குறையுங்கள்.

பதுளை: மழை வந்துட்டா மண்சரிவு பயமா இருக்கு அண்ணே.

பயப்பட வேண்டிய விஷயம்தான். கொஸ்லந்தை ரோட்டில் போகிறவர்களுக்கு மீரியபெத்தை எங்கே என்று சொல்லத் தேவையில்லை, 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவு நடந்த இடம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை எச்சரிக்கை விடும். போகும் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் அதில் இருந்தால், மஞ்சளானாலும் அன்று பயணம் இல்லை. ரோட்டோரச் சரிவில் தண்ணீர் புதிதாகக் கலங்கி ஊறினாலோ, சிறு கற்கள் உருண்டு கிடந்தாலோ அங்கே நின்று படம் எடுக்காதீர்கள். இடர் முகாமைத்துவ நிலையம் 117. அம்புலன்ஸ் 1990, காசு இல்லை. இரண்டையும் எல்லோருடைய கைபேசியிலும் போடுங்கள்.

திருகோணமலை: ரயிலில் சைக்கிளை ஏற்றலாமா?

நிலையத்துப் பொதிக் கந்தோரில் கேளுங்கள், புறப்படுமுன்.

வவுனியா: நல்ல மாதம் எது என்று சொல்லவில்லையே?

சொல்லியாயிற்று. மேலே.

யாழ்ப்பாணம்: அண்ணை, லுமாலாக்காரன் 22 பல் வாங்கிட்டான். கட்டை மட்டும் மாத்த மாட்டனாம், பழசு நல்லா இருக்காம்.

பழசைக் கழற்றி நகத்தால் கீறிப் பாருங்கள். ரப்பர் கண்ணாடி மாதிரி மினுங்கி, நகம் பதியாவிட்டால் அது கட்டை இல்லை, அழிறப்பர். மாற்றாவிட்டால் ஹக்கலையில் அவர் சைக்கிளை வேனில் ஏற்றுங்கள்.

பண்டாரவளை: அதுல தம்பி சொல்றது சரி. கட்டைய மாத்து.