முதல் பிஸ்டல்: குன்னூர்க் குளிருக்கு எது சரிவரும்?

குன்னூரில் இருந்துகொண்டு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழக நினைப்பவர் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்குள் ஆற்றல் என்றால் ஆயுத உரிமம் வேண்டாம். அடையாளச் சான்றைக் கடையில் கொடுக்கவேண்டும். (உரிமம் வேண்டாம் என்பதற்காகத் தோட்டத்துப் பறவையைக் குறிவைத்தால் வனத்துறை சும்மா விடாது.)

கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தத்தால் குண்டைத் தள்ளும் மாடல் மலைக்கு ஒத்துவராது. 20 டிகிரியில் ஏறக்குறைய 57 பார் (அழுத்த அலகு) இருக்கும் வாயு அழுத்தம் 10 டிகிரியில் 45க்கு இறங்கும். காலையில் சுடும் குண்டு தாழ விழும். அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர் உள்ள அழுத்தக்காற்று பிஸ்டலே நல்லது. ஆனால் கைப்பம்பு பனிமூட்டத்தின் ஈரத்தையும் சேர்த்து சிலிண்டருக்குள் ஏற்றிவிடும், உள்ளே அரிக்கும். ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் இல்லாமல் பம்பு அடிக்காதீர்கள். பழையது வாங்கினால் முதலில் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள்; பலவற்றுக்கு 10 வருடம்தான் ஆயுள்.

பிராண்டைவிடப் பிடிதான் முக்கியம். கண்ணை மூடிப் பிடித்துக் கையை நீட்டுங்கள். கண் திறக்கும்போது குழல் முனையிலுள்ள முன்குறி, கண்ணுக்கு அருகிலுள்ள பின்குறியின் பிளவுக்கு நடுவே நிற்கவேண்டும். பக்கவாட்டில் ஒதுங்கினால் பிடியின் அளவோ கோணமோ உங்களுக்குப் பொருந்தவில்லை. இடக்கைக்காரருக்குத் தனிப்பிடி உண்டு. போட்டி விதிப்படி எடை 1,500 கிராமைத் தாண்டக்கூடாது, டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையை விடுபடாமல் தாங்கவேண்டும். குண்டு தட்டைமுனை போதும். உறைக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள், ஈரத்தில் துரு பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள்.