பாங்காக் முதல் பயணம்: விடுதியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: எழுபதை நெருங்கும் பெற்றோருடன் ஜனவரியில் முதன்முறையாக பாங்காக் செல்கிறோம். நான்கு இரவுகள் தங்குவோம், அம்மா சைவம். 'சுகும்வித் சாலைக்கு அருகில்' என்று ஒரு விடுதி மலிவாகக் கிடைக்கிறது. பதிவு செய்யலாமா?

பதில்: அந்த ஒரு வரியை நம்பிப் பதிவு செய்ய வேண்டாம். சுகும்வித் என்பது ஒரு பேட்டையின் பெயர் போலப் புழங்கினாலும், உண்மையில் அது பாங்காக்கில் தொடங்கிக் கம்போடிய எல்லையோரமுள்ள த்ராட் மாகாணம் வரை ஓடும் நெடுஞ்சாலை. நகருக்குள் அதன் வடபுறம் ஒற்றைப்படை எண்களும் தென்புறம் இரட்டைப்படை எண்களும் கொண்ட 'சோய்' எனப்படும் கிளைத் தெருக்கள் பிரிகின்றன. இரு பக்கத்து எண்களும் எதிரெதிரே பொருந்தி வருவதில்லை. தோங்லோ ரயில் நிலையத்தருகே ஒரு பக்கம் 55ஆம் சோய் என்றால் மறுபக்கம் 38ஆம் சோய். சில சோய்கள் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்வாங்கிச் செல்லும். உள்ளூர் மக்கள் அந்தத் தூரத்தை, தெருமுனையில் ஆரஞ்சு மேலங்கியுடன் காத்திருக்கும் மோட்டார் சைக்கிள் டாக்சியில் கடந்துவிடுவார்கள். உங்கள் பெற்றோரை அதில் ஏற்ற முடியாது.

எனவே விடுதியின் நட்சத்திரங்களைப் பார்ப்பதற்கு முன், அதன் வாசலிலிருந்து பிடிஎஸ் எனும் மேம்பால ரயில் அல்லது எம்ஆர்டி எனும் மெட்ரோ ரயில் நிலையத்துக்கு நடக்க வேண்டிய தூரத்தை வரைபடத்தில் அளந்து பாருங்கள். 500 மீட்டருக்கு மேல் இருந்தால் விட்டுவிடலாம். நிலையத்தின் எல்லா வாயில்களிலும் மின்தூக்கி இருப்பதில்லை என்பதால், அது எந்தப் பக்கம் உள்ளது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாலை நெரிசலில் காரில் அகப்பட்டால் சிறு தூரத்துக்கே நெடுநேரம் ஆகிவிடும் நகரம் அது. மேலே செல்லும் ரயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் குடும்பத்துக்கு சுரசக், சபான் தக்சின் ஆகிய இரு பிடிஎஸ் நிலையங்களை ஒட்டிய பகுதியைப் பரிந்துரைப்பேன். சபான் தக்சினில் இறங்கினால் சாவ் பிரயா ஆற்றின் சாத்தோர்ன் படகுத்துறை கீழேயே இருக்கிறது. சுரசக்கிலிருந்து நடந்து போகும் தொலைவில், 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய சீலோம் மாரியம்மன் கோயில் உள்ளது. அந்த வட்டாரத்தில் இந்திய உணவகங்களும் கிடைக்கும். மலிவு என்று பலரும் சொல்லும் காவ் சான் தெருவை நீங்கள் தவிர்ப்பதே நல்லது. இரவு முழுவதும் இரைச்சல், ரயில் நிலையமும் பக்கத்தில் இல்லை.

பாங்காக்கின் புகழ்பெற்ற பழைய அரச மாளிகையான பேரரண்மனையை முதல் முழுநாளின் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அது 8.30க்குத் திறக்கும்; மாலை 3.30க்குப் பின் நுழைவுச்சீட்டு தருவதில்லை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாட் (தாய்லாந்து நாணயம்). தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். அங்கே ஆற்றுவழியே போக, சாத்தோர்ன் துறையில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகே சாதாரண மக்கள் ஏறுவது. நீலக் கொடி சுற்றுலாப் படகு, கட்டணம் கூடுதல். அரண்மனைச் சுற்றுச்சுவரருகே, நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, "இன்று பூசை நடக்கிறது, மதியம்தான் திறப்பார்கள், அதுவரை குறைந்த கட்டணத்தில் டுக்டுக் ஆட்டோவில் கோயில்களைப் பார்த்து வாருங்கள்" என்று பணிவாகச் சொல்லக்கூடும். அந்த வண்டி கடைசியில் நிற்கும் இடம் ரத்தினக் கடையோ தையல் கடையோதான். பதில் சொல்லாமல் வாயில்வரை நடந்து, அங்குள்ள காவலர்களிடமே கேளுங்கள். பிறகு 46 மீட்டர் நீளச் சயனப் புத்தர் உள்ள வாட் போ கோயிலைப் பார்த்துவிட்டு, தா தியன் துறையில் அக்கரைப் படகேறினால் வாட் அருண் கோயில் வந்துவிடும். ஒரு நாளுக்கு இவ்வளவு போதும். பெரியவர்களை வைத்துக்கொண்டு அன்று மாலையே கடைவீதிக்கும் போக நினைக்காதீர்கள்.

அம்மாவின் உணவில் கவனம் தேவை. காய்கறி மட்டும் போட்ட வறுவலிலும் மீன் சாறு ஊற்றுவது அங்கே இயல்பு. மஞ்சள் பின்னணியில் சிவப்பாக எழுதிய 'ஜே' குறி உள்ள கடைகளில் இறைச்சி, மீன், முட்டையோடு வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை.

விமானச் சீட்டில் பிகேகே என்றிருந்தால் சுவர்ணபூமி, டிஎம்கே என்றிருந்தால் டான் முவாங்; இரண்டும் வெவ்வேறு திசைகளில் உள்ளன. சுவர்ணபூமியிலிருந்து ரயிலும் உண்டு. ஆனால் சுரசக் வரப் பயா தாயிலும் சயாமிலும் மாற வேண்டும் என்பதால், பெட்டிகளோடு வரும் முதல் நாளில் டாக்சியே மேல். மீட்டர் தொகையோடு 50 பாட் விமான நிலையக் கட்டணமும், விரைவுச்சாலை வழியே சென்றால் அதன் சுங்கமும் தனியாகச் சேரும். விசா விதிகள் அண்மை ஆண்டுகளில் அடிக்கடி மாறியிருப்பதால், பணம் கட்டுமுன் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் சரிபாருங்கள். 2025 மே முதல் நடைமுறையிலுள்ள மின்னணு வருகைப் படிவத்தை, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஒவ்வொருவர் பெயரிலும் நிரப்ப வேண்டும். அது இலவசம், கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.