பெருவேட்டைக்கு எந்த ரவை? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அண்ணா நோர்வேயில் வேட்டைக்காரர் பரீட்சையில் தேறிவிட்டார். மூஸ் (மிகப் பெரிய மான் இனம்), செம்மான், காட்டு ரெயின்டியர் மூன்றுக்கும் ஒரே றைபிள்தான் வாங்கப்போகிறார். கடையில் .300 வின்செஸ்ரர் மக்னம் என்ற ரவை வகைக்கானதை எடுக்கச் சொல்கிறார்களாம். கூட வேலை செய்பவர்கள் 6.5×55 போதும் என்கிறார்கள். எதை எடுக்கலாம்?
– வாசகர், வட்டக்கச்சி

பதில்: இரண்டையும் விட்டு .308 வின்செஸ்ரர் அல்லது .30-06 ஸ்பிறிங்பீல்ட் எடுக்கச் சொல்லுங்கள். காரணத்தை விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்து ரவை வாங்குகிறவர்கள்தான் அதிகம். விலங்கை வீழ்த்துவது அந்தப் பெயர் அல்ல. சன்னத்தின் (குழலிலிருந்து பறக்கும் குண்டின்) எடை, அதன் கட்டமைப்பு, அது படும் இடம் ஆகிய மூன்றும்தான்.

முதலில் சட்டம். நோர்வேயில் மூஸுக்கும் செம்மானுக்கும் சன்னம் குறைந்தது 9 கிராம் இருக்கவேண்டும். 9 முதல் 10 கிராமுக்குள் என்றால் 100 மீற்றரில் 2,700 ஜூல் சக்தி வேண்டும். 10 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் 2,200 ஜூல் போதும். ரவைப்பெட்டிகளில் பெரும்பாலும் எடை கிறெய்னில் இருக்கும். ஒரு கிறெய்ன் 0.0648 கிராம். இந்தக் கணக்கைச் செய்யாமல் வாங்கினால் பணம் வீண். உதாரணமாக 1925இல் வந்த .270 வின்செஸ்ரர் நல்ல ரவைதான், ஆனால் அதில் அதிகம் விற்கும் 130 கிறெய்ன் சன்னம் 8.4 கிராம் மட்டுமே. அதைக்கொண்டு அங்கே மூஸ் சுட முடியாது, 150 கிறெய்ன் எடுக்கவேண்டும். 6.5×55இலும் இதே சிக்கல். 140 கிறெய்ன் சன்னம் 9.07 கிராம், எடையில் தேறும். ஆனால் மெதுவான தொழிற்சாலை ரவைகள் 100 மீற்றரில் 2,700 ஜூலை எட்டாது. 156 கிறெய்ன் என்றால் 10.1 கிராம், 2,200 ஜூல் என்ற வரம்புக்குள் வந்துவிடும். ஸ்கண்டிநேவியாவில் அந்தக் கனமான சன்னம் நிலைத்து நிற்பதற்கு இது ஒரு காரணம். ஆகவே 6.5×55 தவறல்ல. ஆனால் ரவை தேடும்போது கையைக் கட்டிப்போடும். புதிதாகத் தொடங்குபவருக்கு அது தேவையில்லாத தலையிடி.

.308இலும் .30-06இலும் 165 கிறெய்ன் (10.7 கிராம்), 180 கிறெய்ன் (11.7 கிராம்) சன்னங்கள் சாதாரணமாகக் கிடைக்கும், சட்டத்தை இலகுவாகத் தாண்டும். 180 கிறெய்ன் சன்னத்தை .30-06 செக்கனுக்குச் சுமார் 820 மீற்றரில் அனுப்பும், .308 சுமார் 800 மீற்றரில். நூற்றைம்பது மீற்றரில் நிற்கும் மூஸுக்கு அந்த 20 மீற்றரால் ஒரு வேறுபாடும் இல்லை. 1906இல் வந்த .30-06இன் கோது (வெடிமருந்து அடங்கிய உலோகக் கூடு) 63 மில்லிமீற்றர். 1952இல் வந்த .308இன் கோது 51. கோது குட்டை என்பதால் போல்ற்றும் (ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) குட்டை, துவக்கின் எடையும் சற்றுக் குறையும். 50 சென்ரிமீற்றர்க் குழலிலும் வேகம் பெரிதாக இறங்காது. நோர்வேயில் சத்தம் குறைக்கும் குழாய் பூட்டுவது சாதாரணம். அதைப் பூட்டினால் துவக்கு நீளும் என்பதால் குட்டைக் குழல் நல்லது. அண்ணா புதிதாக வாங்குவதென்றால் எங்கள் தெரிவு .308. யாரேனும் நல்ல நிலையில் உள்ள .30-06ஐ விற்கிறார் என்றால் தயங்கவேண்டாம். 200 கிறெய்னுக்கு மேற்பட்ட சன்னங்களைத் தள்ள அதில் கூடுதல் இடம் உண்டு.

மக்னம் ஏன் வேண்டாம்? 1963இல் வந்த .300 வின்செஸ்ரர் மக்னம் அதே 180 கிறெய்னைச் சுமார் 900 மீற்றரில் அனுப்பும். 300 மீற்றருக்கு அப்பால் அதனால் பலன் உண்டு. ஆனால் மூன்றரைக் கிலோவைச் சற்றுத் தாண்டிய துவக்கில் .308இன் உதைப்பு 24 ஜூல் அளவு, .30-06இன் உதைப்பு 27, மக்னத்தினது 35க்கும் மேல். உதைப்புக்குப் பயந்த தோள், விசையை இழுக்கும் கணத்தில் தானாகச் சுருங்கும், கண்ணும் மூடும். சன்னம் கீழே போய் வயிற்றிலோ காலிலோ படும். வயிற்றில் காயப்பட்ட மிருகம் மணிக்கணக்காக அலைந்து சாகும், அதைவிடக் கொடுமை வேட்டையில் இல்லை. இந்தப் பழக்கம் ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் இறக்குவது கடினம். இது வந்துவிட்டதா என்று அறிய, நண்பரிடம் துவக்கைக் கொடுத்து, சில தடவை ரவையோடும் சில தடவை வெறுமையாகவும் உங்களுக்குத் தெரியாமல் நிரப்பித் தரச்சொல்லுங்கள். வெறும் துவக்கில் குழல்வாய் ஆடினால் வந்துவிட்டது.

சன்னத்தின் கட்டமைப்பு அடுத்தது. மெல்லிய உறையுள்ள சாதாரண ஈயச் சன்னம் 40 மீற்றரில் மூஸின் தோள் எலும்பில் பட்டால் உடைந்து சிதறும், நுரையீரலைச் சென்றடையாது, இறைச்சியும் பாழாகும். வேகம் கூடக்கூட இந்தக் கோளாறும் கூடும். ஈயத்தை உறையோடு ஒட்டவைத்த சன்னம் அல்லது முழுச் செப்புச் சன்னம் வாங்குங்கள். செப்பு ஈயத்தைவிட இலேசானது, ஆகவே அதே எடையில் சன்னம் நீளமாகும். செப்பில் ஒரு படி குறைத்து 165 எடுப்பது பொருத்தம். 150 கிறெய்ன் என்றால் 9.7 கிராம், மறுபடி 2,700 ஜூல் விதிக்குள் விழும். பெட்டியில் 100 மீற்றர் அளவைப் பார்த்தே வாங்கவேண்டும். சன்னம் மாறினால் படும் இடமும் மாறும், திரும்ப நேர்ப்படுத்தாமல் காட்டுக்குள் போகக்கூடாது.

நேர்ப்படுத்த எளிய வழி: 100 மீற்றரில் குறியிலிருந்து 4 சென்ரிமீற்றர் மேலே படும்படி ஸ்கோப்பைத் திருப்புங்கள். .30-06இல் சுமார் 170 மீற்றரில் குறியும் சன்னமும் ஒன்றாகும். 200 மீற்றரில் ஐந்து சென்ரிமீற்றர் அளவு கீழே இறங்கும். அதற்குள் மிருகத்தின் முன்காலுக்குப் பின்னே, உடம்பின் கீழ் மூன்றிலொரு பங்கில் பிடித்தால் போதும், கணக்குப் பார்க்கவேண்டியதில்லை. நுரையீரலில் நன்றாகப் பட்ட மூஸ்கூட ஐம்பது, நூறு மீற்றர் ஓடும், ஓடியதை வைத்துத் தவறிவிட்டது என்று முடிவெடுக்கவேண்டாம். தேடும் நாய்க்கு முன்கூட்டியே ஏற்பாடு இருக்கவேண்டும், அங்கே அது சட்டமும்கூட. பெருவேட்டைக்கு ஒவ்வோர் ஆண்டும் 30 பயிற்சிச் சூடும், பின் 100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து சூடும் போடவேண்டும். 30இல் நிறுத்தாமல் நூறாவது சுடச் சொல்லுங்கள். .308 ரவை மலிவு, உதைப்பும் தாங்கும், அதனால் அது நடக்கும்.

கேள்வி: கனடாவில் சித்தப்பாவுக்கு ஒரு பழைய லீ என்பீல்ட் .303 (பிரித்தானிய இராணுவ றைபிள்) கிடைத்திருக்கிறது. மூஸுக்கு ஆகுமா?
– வாசகி, நெடுங்கேணி

பதில்: ஆகும். 180 கிறெய்ன் சன்னத்தைச் சுமார் 750 மீற்றரில் அனுப்பும், 150 மீற்றருக்குள் மூஸுக்குப் போதும். கனடாவின் வடபகுதியில் ரேஞ்சர்கள் (இராணுவத்தின் சேமப்படையினர்) வெள்ளைக் கரடிப் பாதுகாப்புக்குப் பல பதிற்றாண்டுகள் இதையே வைத்திருந்தார்கள், 2018 முதல் .308க்கு மாறினார்கள். இராணுவ உபரி ரவை வேட்டைக்கு உதவாது. முழு உறைச் சன்னம் விரியாமல் துளைத்துக்கொண்டு போகும். கோதைத் திரும்ப நிரப்புகிறவர் என்றால் .308 சன்னம் இதில் தளர்வாகப் போகும் என்பதை அறிந்திருக்கவேண்டும். இதன் சன்னம் .311 முதல் .312 அங்குலம். போல்ற் பின்புறத்தில் பூட்டுவதால் கோது நீண்டு, அடிக்குச் சற்று மேலே ஒரு வெளிச்சக் கோடு விழும். அந்தக் கோடு தெரிந்த கோதை எறிந்துவிடவேண்டும், அடுத்த சூட்டில் அறுந்துபோகும். வாங்கமுன் துவக்குத் திருத்துபவரிடம் ரவையறை இடைவெளியை (பூட்டிய போல்ற்றுக்கும் கோதுக்கும் இடையில் உள்ளதை) அளப்பியுங்கள்.

கேள்வி: நிலக்கடலைக் காணிக்குள் பன்றி இறங்குகிறது. அனுமதிப்பத்திரமுள்ள பன்னிரண்டு போர் (குழல் அளவு) துவக்கு இருக்கிறது. எந்த ரவை?
– விவசாயி, ஒட்டுசுட்டான்

பதில்: எஸ்ஜி, அதாவது பெரிய குண்டுகள் நிரப்பிய ரவை. அதில் ஓர் அவுன்சுக்கு எட்டுக் குண்டு. எஸ்எஸ்ஜியில் பதினைந்து, பெரிய பன்றியின் தோலையும் கொழுப்பையும் தாண்டி உள்ளே போக அது போதாமல் போகலாம். 25 மீற்றரில் பெரிய கடதாசியில் சுட்டுப் பாருங்கள், எத்தனை குண்டு ஒரு சாப்பாட்டுத் தட்டளவில் விழுகிறது என்பதுதான் உங்கள் துவக்கின் எல்லை. அதற்கு அப்பால் சுடவேண்டாம். பழைய துவக்கு என்றால் ரவையறை 65 மில்லிமீற்றரா என்று பாருங்கள். 70 மில்லிமீற்றர் ரவை உள்ளே போய்விடும், ஆனால் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இருபது போர் ரவையைக் கூட வைத்திருக்கவே கூடாது. அது பன்னிரண்டு போர்க் குழலுக்குள் நழுவி நடுவில் சிக்கும், அதன் பின்னே ஒன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். மாரியில் ஈரம் ஏறி ஊதிய ரவையையும் ஒதுக்குங்கள். மான், மரை, கரடி, யானை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. இருட்டில் அசைவதைப் பார்த்துச் சுடாமல், ரோச் வெளிச்சத்தில் பன்றியின் முழு உருவம் தெரிந்தபிறகே விசையில் விரல் வைக்கவேண்டும். கட்டுத்துவக்கு வைக்கவே வேண்டாம், அதில் மாடும் மனிசரும் அகப்படுகிறார்கள்.