ரத்த அறிக்கையைப் பார்த்துப் பயப்படும் முன்: ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுக்கு அளவே வேறு

கேள்வி: மெல்பர்னில் வசிக்கிறோம். பந்தயத்தில் ஓடிய நாலு வயது கிரேஹவுண்ட் நாயைத் தத்தெடுத்திருக்கிறோம். பல் சுத்தம் செய்ய மயக்க மருந்து தர வேண்டுமென்று ரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) 1,30,000, தைராய்டும் குறைவாம். தொடையில் முடி வேறு இல்லை. தைராய்டு மாத்திரை தொடங்கலாமா? பூங்காவில் அவிழ்த்துவிடலாமா?

பதில்: மாத்திரை தொடங்கும் முன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: இந்த எண்களை கிரேஹவுண்டுக்கான அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தாரா? அறிக்கையில் ‘நார்மல்’ என்று அச்சாகியிருப்பது பொதுவாக நாய்களுக்கான அளவு. கிரேஹவுண்டுக்கு ஹெமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 60 சதவீதத்தைத் தொடுவது சகஜம். பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழேயும், தைராய்டு ஹார்மோனான டி4 மிகக் குறைவாகவும் இருக்கும். தசை அதிகம் என்பதால் சிறுநீரகத்தைப் பார்க்க அளக்கும் கிரியாட்டினின் சற்றுக் கூடும். பின்தொடை வழுக்கையும் இந்த இனத்தில் நிறையப் பார்க்கலாம். எடை கூடவில்லை, சோர்வில்லை, டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) சரி என்றால் இதைத் தைராய்டு நோய் என்று சொல்ல முடியாது. இல்லாத நோய்க்கு ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்கும் கிரேஹவுண்டுகள் இருக்கின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை. தத்துக் கொடுக்கும் அமைப்புகள் இந்த அளவுகளை ஒரு தாளில் அச்சடித்து நாயோடு கையில் கொடுக்க வேண்டும்.

ஆனால் பிளேட்லெட் 80,000க்குக் கீழே இறங்கினாலோ, ஈறில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, ‘இந்த இனமே அப்படித்தான்’ என்று விடக் கூடாது. உண்ணியால் வரும் நோய்களுக்குச் சோதிக்க வேண்டும்.

பல் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். தயோபென்டோன் என்ற மயக்க மருந்து மட்டும் வேண்டாம். இவற்றின் கல்லீரல் அதை மெதுவாகத்தான் கரைக்கும், எழுந்திருக்க நெடுநேரமாகும். அதற்குப் பதில் புரோபோஃபால் அல்லது ஆல்ஃபாக்ஸலோன் போதும். உடம்பில் கொழுப்பில்லாததால் சட்டென்று குளிர்ந்துவிடும், போர்த்தி வைக்கச் சொல்லுங்கள். பல் பிடுங்கினால் அன்று எல்லாம் சரியாக இருக்கும். ஓரிரு நாள் கழித்து ரத்தம் கசியும், தாடையடியில் நீலம் பாயும். அதைத் தடுக்க ரத்தக் கசிவை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை டாக்டர் தருவாரா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பூங்காவில் அவிழ்க்கக் கூடாது. உங்கள் விக்டோரியா மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் வளர்ப்பு கிரேஹவுண்டுக்கு வாய்மூடி கட்டாயமில்லை, வார் கட்டாயம். முயலைக் கண்டால் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பாயும் உடம்பு அது, நம் குரல் எட்டாது. இதற்குக் கழுத்தைவிடத் தலை ஒடுக்கம், சாதாரணக் கழுத்துப்பட்டை வழுகிவிடும். இழுத்தால் இறுகும் அகலமான மார்ட்டிங்கேல் பட்டையாக வாங்குங்கள்.