கேளுங்கள் அக்கா: எடை குறைந்தது, கால் ஏன் தளர்கிறது?

கேள்வி: அக்கா, எனக்கு 47 வயது, நாள் முழுக்க நாற்காலியில் வேலை. மூன்று மாதமாக இரவில் சோறு கிடையாது, மைலோவும் நான்கு பிஸ்கட்டும்தான். காலையில் ஈசூன் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். நான்கு கிலோ குறைந்தது. ஆனால் எம்ஆர்டி நிலையத்தில் படி ஏறினால் தொடை நடுங்குகிறது, தொப்பையும் அப்படியே இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?
- வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: நடையை விட்டுவிடாதீர்கள் தம்பி, அது நல்ல பழக்கம். எனக்கு உறுத்துவது அந்த மைலோ-பிஸ்கட் இரவுதான். முப்பது வயதைத் தாண்டினாலே பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை தானாகக் குறையும். அதோடு சாப்பாட்டையும் சட்டென்று குறைத்து, தசைக்கு வேலையும் கொடுக்காமல் விட்டால், குறைந்த நான்கு கிலோவில் கொழுப்போடு தசையும் சேர்ந்து போயிருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று சொல்வது பலருக்கும் தெரிகிறது, ஆனால் அதே மூச்சில் வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி வேண்டும் என்று சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, அதுதான் என் ஆதங்கம்.

ஜிம்முக்குப் போக வேண்டாம். உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, குதிகால் தரையில் அழுந்த எழுந்திருங்கள், பிறகு மூன்று எண்ணும் வரை மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழக்கூடாது, இறங்கும்போதுதான் தொடைக்கு நல்ல வேலை. பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. அப்புறம் சுவரில் கை வைத்துத் தள்ளும் தண்டால். முட்டியில் வலி வந்தால் நிறுத்திவிடுங்கள்.

சரி, சாப்பாடு. சோறு நமக்கு எதிரி இல்லை. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியச் சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ கோழியோ பருப்போ என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் கணக்கை நம் வீட்டுத் தட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: மலைபோல் சோறு, அதன்மேல் சாம்பார், ஓரத்தில் உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். உருளைக்கிழங்கு சோற்றுக் கணக்கில்தான் வரும், காய்க் கணக்கில் வராது. அதை எடுத்துவிட்டுக் கங்குங் கீரையும் ஒரு துண்டு மீனும் வைத்தால் இரவிலும் அந்தக் கால் பங்குச் சோற்றைத் தயங்காமல் சாப்பிடலாம், பசியோடு படுக்க வேண்டியதில்லை. காப்பிக்கடையில் தே குடிப்பவர் என்றால் 'தே சி கோசோங்' (சீனி போடாமல், இனிப்பில்லாத டின் பால் ஊற்றிய தேநீர்) கேளுங்கள், கட்டிப்பாலும் சீனியும் அதோடு போய்விடும்.

இன்னொன்று. தொடை நடுக்கத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், நீரிழிவோ தைராய்டோ இருந்தாலும் இப்படி வரும். 40 வயது தாண்டியவர்களுக்காக 2023 ஜூலையில் தொடங்கிய அரசாங்கச் சுகாதாரத் திட்டமான 'ஹெல்தியர் எஸ்ஜி'யில் இன்னும் பதியவில்லை என்றால் பதிந்துவிடுங்கள், முதல் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. எடையை விட இடுப்பளவைப் பாருங்கள், நம் ஆண்களுக்கு 90 செண்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்றும் இன்றே எண்ணி எழுதி வையுங்கள். தீபாவளி சமயத்தில் மறுபடி எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: புரட்டாசி முழுக்க சைவம். அந்த மாதம் தசைப் பயிற்சியை நிறுத்திவிடலாமா?
- வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: வேண்டாம்மா. தெம்பே (புளிக்கவைத்த சோயா அவரைக் கட்டி), டோஃபு, தயிர், கொண்டைக்கடலைச் சுண்டல், இதில் ஏதாவது ஒன்று மூன்று வேளையும் தட்டில் இருக்கட்டும். தெம்பேயை எண்ணெயில் பொரிக்காமல் தோசைக்கல்லில் மிளகு தூவி வாட்டிப் பாருங்கள், என் வீட்டில் மீன் வறுவல் தேடுகிறவர்களே இரண்டாவது துண்டு கேட்கிறார்கள்.